காரணம் எழுதும் கட்டம்

1

மகள் என்ன வேலை செய்கிறாள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல எனக்கு இன்னமும் ஒரு சொல் கிடைக்கவில்லை. டொக்டர் என்றால் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். எஞ்சினியர் என்றாலும் அப்படித்தான். 'மணற்குன்றுப் பூங்கா ஒன்றில் செடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் கணக்கெடுக்கிறாள், கெட்டுப்போன நிலத்தைப் பழையபடி ஆக்குகிறாள்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வடை எடுக்கப் போய்விடுகிறார்.

போன வைகாசியில் கிரின்ஸ்டெட்டில் ஒரு கலியாண வீடு. நான் இருக்கிற டேனிஷ் ஊர்தான், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே மண்டபத்துக்குப் போயிருந்தேன். அங்கே றெஜினா வந்திருந்தாள். பிரெடெரிசியாவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஊரில் மணற்காடு என்ற கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை.

"மதுரா இப்ப என்ன செய்யிறா அண்ணை?"

"மேற்குக் கரையில ஒரு பூங்காவில. பூ எண்ணுறாள், செடி பிடுங்குறாள். எல்லாம் மணலுக்குள்ளதான்."

"மணலுக்குள்ளயோ? அப்ப எங்கட ஊர் வேலைதான்" என்று சிரித்தாள்.

நான் ரசம் எடுக்கிற சாட்டில் நழுவிவிட்டேன். றெஜினாவைக் கண்டால் இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை. இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான் நடக்கிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மதுராவுக்கு இருபத்துநாலு வயது. அவளுக்குக் கிடைத்தது ஒரு வருட வேலை, ஐப்பசியோடு முடியும். இன்னும் இரண்டு வருடம் நீட்டுவதா இல்லையா என்பதை ஆவணிக் கணக்கெடுப்பைப் பார்த்துத்தான் அவளுடைய மேலதிகாரி கியர்ஸ்டன் முடிவு செய்வதாக இருந்தது. இந்த வேலைக்குப் போன பிறகுதான், தாய் இறந்தபின் முதல் தடவையாக, பிள்ளை போனில் தானாகச் சிரித்தாள். அந்த வேலை அவளிடம் இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். எனக்கென்று நான் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

2

என் மனைவி வசந்தியின் நாலாவது ஆண்டுத் திதி சரியாக அந்தக் கணக்கெடுப்புக் கிழமையில் வந்தது. மதுராவால் விடுப்பு எடுக்க முடியாது.

"நீங்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு இஞ்ச வாங்கோவன்" என்றாள் போனில். அவள் தமிழில் ஒரு முழு வசனம் பேசினால் எனக்கு மறுக்க வராது. வசந்தியின் படத்தைத் துவாயில் சுற்றி முன் இருக்கையில் வைத்து, பட்டியும் போட்டுவிட்டு, வாழைக்காய், கத்தரிக்காய், பயறு எல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்த இடத்தை உள்ளூர்க்காரர் 'பாலைவனம்' என்கிறார்கள். மழை பெய்கிற பாலைவனம். கார்க் கதவைத் திறந்ததும் முகத்தில் மணல் அடித்தது. குன்றுக்குப் பின்னால் குன்று, அவற்றுக்கு நடுவில் ஈரமான பள்ளங்கள், பள்ளங்களில் குட்டைச் செடிகள். மதுரா மஞ்சள் மேற்சட்டையும் சப்பாத்துமாக, மண்வெட்டியோடு நின்றாள். காட்டு ரோசா ஒன்றை வேரோடு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல பூத்தானே, ஏன் பிடுங்குறாய்?"

"வெளியில இருந்து வந்தது அப்பா. விட்டா இந்த மண் முழுக்க மூடிப்போடும்."

வெளியில் இருந்து வந்த இன்னொருவர் பக்கத்தில் நிற்பது அவளுக்கு உறைக்கவில்லை. நான் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று டேனிஷில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அவள் தங்கியிருந்தது பூங்கா ஓரத்து மரக்குடிலில். எனக்குச் சின்ன அறையைத் தந்தாள். அங்கே ஒரு பலகைத் தட்டில் வசந்தியின் படத்தை வைத்தேன். கோடை காய்ந்துபோய் நெருப்புக்குத் தடை போட்டிருந்தார்கள், அதனால் பற்றரி விளக்கு. கற்பூரம் பைக்குள்ளேயே இருந்தது. பூ மட்டும் கொண்டுவர மறந்துபோனேன்.

மறுநாள்தான் திதி. மதுரா விடியவே ஜீப்பில் வேறு பக்கம் போய்விட்டாள். இங்கே கோடையில் ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம். முழுகிவிட்டு, பாட்டாச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பூத் தேடி வெளிக்கிட்டேன்.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். நேர்மையான மனிதர்கூடச் சாமிக்குப் பூ என்றால் அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் கைபோடுவார். அதைக் களவு என்று ஒருவரும் நினைப்பதில்லை, வீட்டுக்காரரும் நினைப்பதில்லை. கிரின்ஸ்டெட்டில் என் அயல்வீட்டுக் கிழவி முதல் வருடம் கத்தினாள், பிறகு தானே ஒரு கிளையை என் பக்கம் வளரவிட்டாள்.

குடிலுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் நீலப் பூக்கள் தெரிந்தன. மணி போல, கடும் நீலம். வசந்திக்கு நீலம் என்றால் உயிர். நாலு மூலையிலும் சிவப்பு நாடா கட்டிய குச்சிகள் நின்றன. ஏதோ ஓட்டப்போட்டிக்கு அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே கால் வைத்துப் போய், காம்போடு பதினொன்று பிடுங்கினேன். அங்கே பூத்திருந்ததே அவ்வளவுதான், ஒற்றைப்படையாக அமைந்தது நல்லது என்று நினைத்தேன். பூக்களில் உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. கடற்காற்று உப்பாக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு கிளாஸ் தண்ணீரில் காம்புகளை நிறுத்தி, வசந்திக்கு முன்னால் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

3

பதினொரு மணிக்குச் சமையல் முடிந்தது. காகத்துக்கு வைத்த சோற்றைக் கடற்காகம் தின்றது. பெயரிலாவது காகம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மதுராவின் ஜீப் வந்து நின்றது. ஆனால் அவள் உள்ளே வரவில்லை. பள்ளத்துப் பக்கம் போய் நின்று, போனில் வேகமாக டேனிஷில் கதைத்தாள். அந்த மொழி எனக்குத் தொழிற்சாலை அளவுக்குத்தான் வரும். ஆனாலும் 'மூன்றாம் சதுரம்', 'முழுக்கப் போய்விட்டது' என்ற இரண்டும் விளங்கின.

வந்தவள் கதிரையில் இருந்தாள்.

"அப்பா, மூண்டாம் சதுரத்தில பூவெல்லாம் போயிட்டுது."

"என்ன பூ?"

பாதித் தமிழிலும் பாதி டேனிஷிலும் சொன்னாள். ஒரு நீல வண்ணத்துப்பூச்சி. நாட்டில் சில இடங்களில்தான் மிச்சம் இருக்கிறது. அது முட்டை இடுவது அந்த நீல மணிப்பூவில் மட்டும். முட்டை வெள்ளையாக, உப்புக்கல் மாதிரி இருக்கும். அதை எண்ணுவதுதான் இந்தக் கிழமை முழுக்க அவள் வேலை. குச்சி நட்டுப் பிரித்த சதுரங்களில் மூன்றாவதைக் கடைசிக்கு வைத்திருந்தாள், மற்றவற்றைவிடக் கூடப் பூ அங்கேதான் என்பதால்.

நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"கியர்ஸ்டன் செம்மறி எண்டு நினைக்கிறா. ஸ்வென்ட வேலியில ஒரு கம்பி அறுந்திருக்கு."

ஸ்வென் பக்கத்துப் பண்ணைக்காரர். புல் மண்டாமல் இருக்கப் பூங்காவுக்குள் அவருடைய செம்மறிகளை மேயவிட ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை அவை சதுரத்துக்குள் புகுந்துவிட்டன. இன்னொருமுறை நடந்தால் ஒப்பந்தம் முடிந்தது என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள்.

மதுரா ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். மறுநாள் பத்து மணிக்குக் கியர்ஸ்டன் வரும்போது அது நிரப்பி இருக்கவேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு பகுதி. மான், முயல், செம்மறி, வறட்சி, வேறு. ஒன்றுக்குப் புள்ளடி போடவேண்டும்.

"நீங்க காலமை குடிலிலதானே நிண்டனீங்கள். செம்மறி ஏதும் கண்டீங்களோ?"

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, வேறு ஏதோ வந்தது.

"செம்மறியாத்தான் இருக்கும் பிள்ளை. உதுகள் எங்கயும் பூந்திடும்."

அவள் தலையை ஆட்டினாள். பசியில்லை, பின்னேரம் அம்மாவுக்குக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று சொல்லி மறுபடியும் வெளியே போனாள். நான் அறைக்குள் போய்ப் பூக்களை உற்றுப் பார்த்தேன். உப்பு இல்லை. ஒவ்வொன்றும் உருண்டையாக, ஒழுங்காக ஒட்டியிருந்தது. கிளாஸைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். வசந்தி படத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

எனக்குப் பத்தொன்பது வயதில் மணற்காட்டில் ஒரு வேலை கிடைத்தது. குன்று நகராமல் இருக்கச் சவுக்கு நடுகிற வேலை. என் முதல் வேலை அதுதான். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், மாத முடிவில் எத்தனை தப்பியது, எத்தனை பட்டது என்று எண்ணி எழுதவேண்டும். எழுத்து நன்றாக இருந்ததால் கொப்பி என் கையில் இருந்தது. பெரிய உத்தியோகம் என்று நான் நினைத்தேன்.

வல்லிபுரக் கோயில் திருவிழாக் கிழமையில் அங்கே வேலை செய்த நாங்கள் நாலு பேரும் ஒருநாளும் தண்ணீர் ஊற்றவில்லை. வெயில் அப்படி எறித்தது. திரும்பி வந்து பார்த்தால் பாதிக்குப் பாதி கருகி நின்றது. வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் வந்தார், பார்த்தார், எங்களையும் பார்த்தார்.

"ஆடு திண்டது எண்டு எழுது" என்றார் என்னிடம்.

எழுதினேன். யாருடைய ஆடு என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் ஆடு வைத்திருந்தது அந்தோனியம்மா மட்டும்தான், புருசன் கடலில் போய்த் திரும்பாதவள். அவள் பெயரையும் எழுதி, கீழே என் பெயரை வைத்து ஒப்பமும் போட்டேன். அதையே ஒரு கடுதாசியிலும் எழுதிக் கொடுத்தேன், அது அவள் வீட்டுக்குப் போனது. ஐந்து ஆடுகளையும் பிடித்து வந்து அலுவலக வளவுக்குள் கட்டினார்கள். மூன்று நாள். தாய் ஆட்டோடு குட்டியை விடவில்லை. வேலிக்கு வெளியே அந்தோனியம்மா நின்று கத்தினது எனக்குக் கேட்டது. மூன்றாம் நாள் குட்டி செத்துப்போனது. அவ்வளவு கிட்ட நின்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் நான் நாட்டை விட்டுவிட்டேன். இங்கே வந்து பார்த்தால் பிரெடெரிசியாவில் அந்தோனியம்மாவின் மகள். அவள்தான் றெஜினா.

5

பின்னேரம் மதுரா வந்து தாயைக் கும்பிட்டாள். தட்டில் பூ இல்லாததை அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கேட்கவில்லை. கட்டிலுக்கும் அவளுடைய காலுக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்வென் வந்தார். எழுபது வயது மதிக்கலாம். தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். மதுரா கோப்பி போட உள்ளே போனாள்.

"என் செம்மறிகள் இல்லை" என்றார் என்னிடம், மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக. "செம்மறி கடித்தால் இலையையும் சேர்த்துக் கடிக்கும், புழுக்கை போடும். அங்கே புழுக்கை இல்லை. காலடிதான் இருக்கிறது. குதி இல்லாத, தட்டையான காலடி."

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார். வாசற்படியில் என்னுடைய பாட்டாச் செருப்பு கிடந்தது. அடியில் ஈரமண் காய்ந்து ஒட்டியிருந்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மதுரா கோப்பியோடு வந்தாள். அவர் நின்றபடியே குடித்து, நன்றி சொல்லி, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நானும் வருகிறேன்" என்றார். அதை மதுராவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

6

விடிந்ததும் மதுரா படிவத்தோடு மேசையில் இருந்தாள். பேனா திறந்திருந்தது. நான் கட்டிலுக்குக் கீழே கிடந்த கிளாஸை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

அவள் பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பூவை.

"எப்ப?"

"நேற்று விடிய. அம்மாவுக்கு. எனக்குத் தெரியாது பிள்ளை, சத்தியமாத் தெரியாது."

"பிடுங்கேக்க தெரியாது." அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் வந்து சொன்னாப் பிறகு தெரியும். அப்பவும் செம்மறி எண்டு சொன்னீங்கள்."

அதற்குப் பிறகு டேனிஷில் ஏதோ சொன்னாள். நீளமாக. எனக்கு எல்லாம் விளங்கவில்லை, விளங்காதது நல்லது என்றும் பட்டது. பிள்ளைகள் எங்களிடம் கோபப்படும்போது எங்களுக்குப் பிடிபடாத மொழிக்குப் போய்விடுகிறார்கள்.

அப்போதும் என் புத்தி போகவில்லை. "மான் எண்டு போடு" என்றேன். "ஸ்வெனுக்கும் கரைச்சல் இல்லை, உனக்கும் இல்லை. மானை ஆரும் விசாரிக்கமாட்டினம். இந்த வேலை போனா நீ..."

"அப்பா."

நிறுத்தினேன்.

"நான் ஒரு வருசமா இஞ்ச எழுதினது எல்லாம் உண்மை. இதிலை பொய் எழுதினா மற்றதை ஆர் நம்புறது?"

அவள் எழுந்து போய் உருப்பெருக்கியைக் கொண்டுவந்தாள். கிளாஸை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், வெளிச்சம் விழுகிற அந்தத் தட்டில், தாயின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு பூவாகத் திருப்பி, வாய்க்குள் எண்ணி, கொப்பியில் குறித்தாள். கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை, எண்ணிக்கை பிசகும் என்று. பதினொரு பூவில் நாற்பத்தேழு முட்டை. நான் கதவடியில் நின்று பார்த்தேன். என் கையில் இருந்த அந்தப் பழைய கொப்பியில் நான் இப்படி ஒருநாளும் எண்ணியதில்லை. வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்குக் கியர்ஸ்டன் வந்தாள், பின்னால் ஸ்வென் வந்தார். மதுரா வாய் திறக்க முந்தி நான் என் உடைந்த டேனிஷில் சொன்னேன்: "செம்மறி இல்லை. நான். என் மனைவியின் நினைவுநாளுக்கு." ஸ்வென் தொப்பியைக் கழற்றினார். கியர்ஸ்டன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பூக்களைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், தண்ணீரில் நிறுத்தியது நல்லது என்றாள். காம்பு வாடாவிட்டால் புழுக்கள் வெளியே வந்து கீழே விழும், எறும்புகள் தங்கள் குஞ்சு என்று நம்பித் தூக்கிக்கொண்டு போய் வளர்க்கும், சிலது தப்பலாம். கிளாஸைச் சதுரத்துக்குள் எறும்புப் புற்றுகளுக்குப் பக்கத்தில் மண்ணில் புதைத்து வைக்கச் சொன்னாள்.

பிறகு மதுராவைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆராய்ச்சிச் சதுரத்துக்குப் பக்கத்தில் விருந்தாளியைத் தங்கவைத்து எச்சரிக்காமல் விட்டது அவளுடைய பிழை, அது கோப்பில் ஏறும் என்றாளாம்.

மதுரா படிவத்தில் 'வேறு' என்பதற்குப் புள்ளடி போட்டாள். பக்கத்தில் டேனிஷில் ஒரு வரி எழுதி என்னிடம் நீட்டினாள். 'மனிதர். என் தகப்பன். தெரியாமல்.' கீழே சாட்சி ஒப்பம் கேட்டாள். போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தோனியம்மாவின் கதை முழுவதும் என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் அப்போது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவள் கேட்டு முடிய ஒன்றுதான் கேட்டாள். "கிரின்ஸ்டெட்டில இருந்து பிரெடெரிசியாவுக்கு எவ்வளவு நேரம்?"

7

புரட்டாசிக் கடைசியில் கடிதம் வந்தது. இரண்டு வருடம் இல்லை. வசந்தகாலம் வரை ஆறு மாதம், பிறகு பார்க்கலாம். கோப்பில் ஏறியது ஏறியதுதான். ஸ்வெனின் செம்மறிகள் அங்கேயே மேய்கின்றன. மதுரா கடிதத்தைப் போனில் வாசித்துவிட்டு, பரவாயில்லை அப்பா என்றாள். அவள் பரவாயில்லை என்று சொல்வது எனக்குக் கோபமாகச் சொல்வதைவிட வலித்தது.

அடுத்த ஞாயிறு பிரெடெரிசியாவுக்குப் போனேன். ஒரு மணித்தியாலத்துக்குள் போகிற தூரம். றெஜினா பூசைக்குப் போய் வந்து சீலை மாற்றாமல் இருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. இருக்கச் சொன்னாள். இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், திருவிழாவையும், தண்ணீர் ஊற்றாததையும், கொப்பியையும்.

அவள் சீலைத் தலைப்பைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அண்ணை" என்றாள்.

"என்னண்டு?"

"அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் கடுதாசியை அவவுக்கு வாசிச்சுக் காட்டினது நான்தான். கீழ உங்கட பேர் வடிவான எழுத்தில இருந்தது."

"இவ்வளவு காலமும் ஏன் பிள்ளை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"எத்தினை தரம் கேக்க வந்தனான். நீங்கள்தான் ஒவ்வொருக்காலும் ரசம் எடுக்கப் போயிடுவியள்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.